மாதம்மாள் பெரியம்மாவுக்குப் பூ கேட்ட வாரம்

என் கணவர் மின்விளக்கை மாற்றுவதற்காக நாற்காலி மீது ஏறி, விளக்கை முறையாக மாற்றிவிட்டு, இறங்கும்போது கணுக்காலை முறித்துக்கொண்டார். விளக்கு நன்றாகவே எரிந்தது. அவர் போகவேண்டிய பயணம் என் தலையில் விழுந்தது.

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, தருமபுரி மாவட்டத்துக் கடத்தூருக்குப் போய், அவருடைய பெரியம்மாவை வெள்ளிக்கிழமை காலை சேலத்தில் ஒரு கண் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஊரில் நடந்த முகாமில் பெரியம்மாவைச் சோதித்த மருத்துவர், இரு கண்களிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் அந்தக் கண்ணின் பார்வை திரும்பாமலே போகலாம் என்று சீட்டில் எழுதியிருந்தார். அறுவைச் சிகிச்சைக்கு நாள் வாங்கியது இது மூன்றாம் முறை. முதல் இரண்டு நாள்களும் வந்தன, போயின. பெரியம்மா வீட்டிலேயே இருந்தார்.

“உன்னால்தான் முடியும். புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களிடமே முப்பது ஆண்டுகள் சிரித்துப் பேசியவள் நீ” என்றார் என் கணவர், மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்தபடி. நான் பணி ஓய்வு பெற்ற நூலகர். அந்தச் சிரிப்பின் உட்பொருளை அவர் இன்றுவரை அறியார்.

ஆறு வயதில் தாயை இழந்த அவரை வளர்த்தவர் மாதம்மாள் பெரியம்மா. தாம் பெற்ற பிள்ளை இல்லை. ஆனால், கடத்தூரில் பேரன் பேத்தி அல்லாதவர் என்று எவரும் இல்லை. நடை பழகும் குழந்தை முதல் பேரூராட்சி அலுவலகத்துக் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ஆயா.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் தருமபுரியில் டவுன் பஸ் ஏறினேன். எங்கள் சிங்கப்பூரில் ரயில் கதவு மூடுவதற்கு முன் நான்கு மொழிகளில் எச்சரிக்கை வரும். இங்கே வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போன பிறகு நடத்துநர் “ஏறுங்க, ஏறுங்க” என்றார். ஏறுகிறவர்களும் அதற்குப் பின்தான் ஏறினார்கள். ஆக, ஒழுங்கு இல்லை என்று சொல்ல முடியாது. வேறோர் ஒழுங்கு.

பாதி வழியில் படிக்கட்டோரம் அடுக்கியிருந்த தக்காளிப் பெட்டிகளுள் மேலே இருந்தது ஒரு வளைவில் சரிந்தது. தக்காளிகள் இருக்கைகளுக்கடியில் பின்னோக்கி உருண்டன. ஓட்டுநர் பிரேக் போட்டார். எல்லாம் முன்னோக்கி உருண்டன. பயணிகள் அனைவரும் குனிந்தோம். ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. பொறுக்கிய தக்காளிகளைப் பெட்டிக்காரரிடம் கொடுத்தபோது, அவர் ஒவ்வொருவருக்கும் நான்கைத் திருப்பித் தந்தார். வேண்டாமென்று மறுத்த எனக்கு ஆறு கிடைத்தது.

நான் யார் வீட்டுக்குப் போகிறேன் என்று அறிந்ததும் நடத்துநர் பதறிவிட்டார். “ஆயா வூட்டுக்குங்களா? முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா? முன் சீட்டு குடுத்திருப்பேனே!” இறங்கும்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார்: “ஆயாவைப் பாத்ததும் மொதல்ல ஒங்க பேரைச் சொல்லிருங்கம்மா. சும்மா, ஒரு வழக்கம்.”

வழக்கங்களை மதிக்கிறவள்தான் நான். ஆயினும் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வருகிறேன், முகத்தைக் கண்டு அவர் மகிழட்டுமே என்று, பெயர் சொல்லாமல் வாசலில் போய் நின்றேன். பெரியம்மா கதவருகே நின்று என் தோளுக்குச் சற்று மேலே நோக்கினார்.

“அரிசி மூட்டையை அந்தச் செவுத்தோரம் எறக்கி வைய்யி, சாமி. பாத்து. இடுப்புப் புடிச்சுக்கப் போவுது” என்றார்.

“பெரியம்மா, நான்தான்” என்றேன்.

ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. “வா, வா! ஒன்னைத் தெரியாமயா? வெளையாட்டுக்குச் சொன்னேன். ஏன் இப்படி எளைச்சுப் போயிட்ட?”

அந்த நான்கு ஆண்டுகளில் நான் ஒன்பது கிலோ கூடியிருந்தேன். கூறியவர் எவராயினும் அந்த வாக்கியத்தை நான் மறுக்கமாட்டேன்.

சாப்பாடு ராகிக் களியும் கீரைக் கடைசலும். களியை மெல்லக் கூடாது, கடைசலில் தோய்த்து விழுங்க வேண்டும் என்பது தெரிந்திருந்தும் மென்றேன். மென்றால் அது வாயை விட்டுப் போவதில்லை. அவ்வாறு நான் பேச இயலாதிருந்த நேரமாகப் பார்த்துப் பெரியம்மா தம் முடிவைத் தெரிவித்தார்.

“ஒம் புருசன் எதுக்கு அனுப்பியிருக்கான்னு தெரியும். அம்மன் பூ குடுக்கட்டும், அடுத்த பஸ்ஸுல வர்றேன். ரெண்டு தடவை கேட்டாச்சு. ரெண்டு தடவையும் இடம். நான் என்ன பண்ணட்டும்?”

பூ கேட்பது என்பது இது: மாரியம்மன் கிரீடத்தின் உச்சியில் பூசாரி ஒரு பூவை வைத்துவிட்டு விலகி நிற்பார். கேட்க வந்தவர் மனத்துக்குள் கேட்பார். பூ அம்மனின் வலப்பக்கம் விழுந்தால் சரி. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். கல்யாணம், கிணறு, கடை திறப்பு எதுவும் இதைத் தாண்டித்தான் நடக்கும். மாநிலத்தின் வேறு பகுதிகளில் இதற்குச் சாதகம் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் விண்ணப்பப் படிவம் நிரப்புவோம்.

“வியாழக்கிழமை மூணாவது தடவை கேக்கலாம். மூணுதான் கணக்கு. அதுக்கு மேல தொந்தரவு பண்ணக் கூடாது” என்று முடித்தார். என் வாயில் களி இன்னும் இருந்தது.

புதன்கிழமை காலை, பெரியம்மா தம் அன்றாடச் சுற்றுக்குப் புறப்பட்டார். நானும் உடன் போனேன். பதினேழு வயதில் மணமாகி இந்த ஊருக்கு வந்தவர் அவர். முப்பது வயதில் கணவரை இழந்தார். அதன் பிறகு அவருக்கு இரண்டு வேலைகள் அமைந்தன. ஒன்று, மாரியம்மன் கோயில் பிராகாரத்தைப் பெருக்குவது. மற்றது, ஊரைப் பெருக்குவது என்றுதான் சொல்ல வேண்டும். அம்மை கண்ட வீடுகளில் மற்றவர் வாசல் தாண்டி வராத நாள்களில், வேப்பிலையோடு உள்ளே போய் உட்கார்ந்தவர் அவர். சாவு வீட்டுக்கு முதலில் வந்து கடைசியில் போகிறவர். பங்காளிச் சண்டையில் இரு தரப்பாரையும் ஒரே நாளில் தனித்தனியே திட்டிச் சேர்த்துவைப்பவர். வெள்ளிதோறும் கோயிலில் அவர் கையால்தான் கம்பங்கூழ்.

டீக்கடையை நெருங்கியபோது உள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது.

“பெருமாளுங்க ஆயா! செவப்புச் சட்டை போட்டிருக்கேங்க.”

“எடுப்பா இருக்குதுடா ஒனக்கு” என்றார் பெரியம்மா, நடையைத் தளர்த்தாமல்.

நான் திரும்பிப் பார்த்தேன். பெருமாள் ஐம்பது வயதுக்காரர். அவர் உடம்பில் வெள்ளை பனியன்தான் இருந்தது. அதிலும் துளைகள் இருந்தன. என்னைப் பார்த்து உதட்டின் மீது விரலை வைத்தார்.

பிறகு நான் எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கினேன். ஆட்டோ நிறுத்தத்தில் எங்களைக் கண்டதும் எல்லா எஞ்சின்களும் அணைந்தன. பாதையோரம் மோட்டார் சைக்கிள்கள் ஒரு சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் ஒழுங்காக நின்றன. கோட்டுக்கு இப்பால் பெரியம்மா நடந்தார். வெல்ல மண்டி வாசலில் மூட்டை இறக்குகிறவர்கள் மூச்சைப் பிடித்தபடி, சுமையோடு சிலையாக நின்றார்கள். கோயில் படியில் உறங்கும் நாயின் கழுத்தில் மணி கட்டியிருந்தது. கைக்குழந்தையோடு வந்த பெண், “ஆயா, கோமதிங்க. பையனுக்கு அப்பிடியே அவங்கப்பன் மூக்குங்க” என்றாள்.

“நான் சொல்ல வந்தேன், நீ சொல்லிட்ட” என்றார் பெரியம்மா, குழந்தையின் காலை ஆசையோடு பார்த்தவாறு.

பக்கத்து வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் செல்வியிடம் பிறகு விளக்கம் கேட்டேன். நாற்பது வயதுப் பெண். எதிலும் சுற்றி வளைக்காதவள். விடியற்காலையில் பெரியம்மா போடும் கோலத்தில் விட்டுப்போன கோடுகளை இழுத்து முடிப்பவள் இவள் என்பதை அன்று காலைதான் ஜன்னல் வழியே கண்டிருந்தேன்.

“மூணு வருசமாங்க. கண்ணு தெரியலைன்னு அது வாயால சொல்லாது. நாங்களும் கேக்க மாட்டோம். கேட்டா சங்கடப்படுமுங்க” என்றாள்.

“நீங்கள் எல்லோரும் சேர்ந்து இப்படிப் பார்த்துக்கொண்டால், அவர் எதற்காக மருத்துவமனைக்குப் போவார்?”

“அதாங்க எங்களுக்கும் வௌங்கல. நிறுத்தலாம்னு ஒருக்கா பேசினோம். நிறுத்தினா வுழுந்துருமேங்க!”



அன்று பிற்பகல் பூசாரி முனுசாமியைத் தனியே சந்தித்தேன். என் முப்பதாண்டு நேர்மையை ஒருபுறம் வைத்துவிட்டு, பூ வலப்பக்கம் விழுவதற்கு மனிதர்கள் செய்யக்கூடிய உதவி ஏதேனும் உண்டா என்று, மிகுந்த மரியாதையான சொற்களால் கேட்டேன்.

அவர் முகம் சிவந்தது. “அம்மா, நான் பூவை வைக்கிறவன். தள்ளுறவன் இல்லீங்க. இருபது வருசமா இந்தக் கையில ஒரு பூவைத் தள்ளினதில்ல.”

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தேன். வாசல் வரை வந்த பிறகு, வேறு திசையில் பார்த்தபடி அவரே சொன்னார்: “தண்ணியில நனைச்ச பூ சீக்கிரம் வழுக்கும். அது பொதுவாச் சொல்றதுங்க. காத்து அடிச்சாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

வியாழக்கிழமை மாலை கோயிலில் கூட்டம் நெருக்கியது. எவரையும் அழைக்கவில்லை, எல்லோரும் தற்செயலாக வந்திருந்தார்கள். செல்வி தற்செயலாக ஒரு மேசை விசிறியும் கொண்டுவந்திருந்தாள். “ஆயாவுக்குப் புழுக்கமா இருக்குமுங்க” என்றாள். அதை எங்கே வைப்பது என்று நான் யோசனை சொல்லப் போய், அம்மனின் வலம் நமக்கு இடக்கைப் பக்கம் என்பதை மறந்து எதிர்த்திசையில் வைக்கச் சொன்னேன். செல்வி என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுத் திருத்தி வைத்தாள். பெருமாள் கொண்டுவந்த அரளிப்பூ சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நானும் குற்றமற்றவள் அல்லள். அவர் கொண்டுவந்த பூக்களுள் காம்பு மிகக் குட்டையானதைத் தேர்ந்து, தட்டின் மேல் வைத்தது நான்தான்.

“அம்மா இப்பல்லாம் ரொம்பக் கறாருங்க” என்று பெருமாள் என் காதருகே கவலைப்பட்டார். “எம் பொண்ணுக்கு வந்த சம்பந்தம் மூணும் இங்கதான் போச்சு. மூணும் இடம்.”

“எனக்கு மெயின் ரோட்டுக்குக் கடை மாத்தறது போச்சு” என்றாள் செல்வி.

“சாமி என்ன ரேசன் கடையா, வந்தவங்களுக்கெல்லாம் குடுத்து அனுப்ப?” என்று முனுசாமி கருவறையிலிருந்தே அதட்டினார்.

அவர் பூவை வைத்தார். விலகி, சுவரோடு ஒட்டி, இரு கைகளையும் எல்லோரும் காணும்படி கட்டிக்கொண்டு நின்றார். பெரியம்மா நேரே முன்னால், கைகூப்பி நின்றார். மேசை விசிறி உறுமியது. பூவிலிருந்து ஒரு சொட்டு நீர் அம்மனின் நெற்றியில் வழிந்தது. அறுபது பேரும் தம்மையறியாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றோம்.

பூ அசைந்தது. விசிறிக் காற்றை எதிர்த்து, நிதானமாக, இடப்பக்கம் விழுந்தது.

செல்வி விசிறியை நிறுத்தினாள். சேலத்து நாள் நாளைக்கு. மூன்று முறை கேட்டாயிற்று. இனி கேட்க முடியாது. ஒவ்வொருவரும் பூசாரியைப் பார்த்தோம். பொய் சொல்லிவிடு என்று அந்தப் பார்வைக்குப் பொருள். கருவறைக்குள் நின்று அவரால் பொய் சொல்ல இயலாது. வெளியே நின்ற எங்களாலும், அம்மன் முன் வந்து நின்றபின், இயலவில்லை.

“என்னடா, வுழுந்துச்சா?” என்றார் பெரியம்மா.

“வுழுந்துச்சுங்க ஆயா.” முனுசாமி கட்டிய கைகளை இன்னும் அவிழ்க்கவில்லை. “நீங்களே… பாத்திருப்பீங்களே.”

பெரியம்மா அம்மனை நோக்கி முகத்தை நிமிர்த்தினார். நெடுநேரம் அப்படியே நின்றார். வலம் என்றோ இடம் என்றோ அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் எவரும் மறுத்திருக்கமாட்டார்கள்.

“தெரியலடா முனுசாமி” என்றார்.

பின்னால் யாரோ விம்மினார்கள்.

“மூணு வருசமாத் தெரியல. அவ மொகமும் தெரியல, ஒங்க மொகமும் தெரியல. ஆருடா அங்க அழுவறது, பெருமாளா? ஏண்டா, தினமும் செவப்புச் சட்டைன்னு சொல்றியே, அதை எப்படா தொவைப்ப?”

பெருமாள் அழுகையினூடே சிரித்தார். அது பார்க்க அழகான காட்சி அல்ல. ஆனால் கூட்டம் முழுவதும் அப்படித்தான் இருந்தது.

“பூ எந்தப் பக்கம் வுழுந்துச்சுன்னு எவனும் வாயத் தொறக்கக் கூடாது. அவ எனக்குச் சொன்ன பதிலு. நான் பாக்கலைன்னா இன்னும் சொல்லலைன்னுதான் அர்த்தம். கண்ணைச் சரி பண்ணிட்டு வந்து நானே நேர்ல கேட்டுக்குறேன்.” பிறகு நான் நின்ற திசைக்கு மாறாக ஒரு தூணைப் பார்த்து, “காலையில எத்தனை மணிக்கு பஸ்ஸு?” என்று வினவினார்.

இறையியல் நூல்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். இதைவிட வலுவான வாதம் நினைவில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் பெரியம்மாவும் நானும் ஏறினோம்; எங்களோடு ஊர்க்காரர் ஒன்பது பேரும் ஏறினார்கள். எல்லோருக்கும் சேலத்தில் வேலை இருந்தது. பூசாரிக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, “பூஜைச் சாமான்” என்று பொதுவாகச் சொன்னார்.

எங்கள் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கன்னடம் தெரியாது. பெரியம்மாவுக்குத் தெரியும் என்பதை நானும் அறிந்திருக்கவில்லை. அவர் பேருந்துக்கே கேட்கும்படி மொழிபெயர்த்தார்.

“‘வெளிநாட்டுக்காரி மாதிரி தெரியுது, செருப்பு மட்டும் ஏன் நம்மூட்டு ஆம்பளைங்க செருப்பு மாதிரி இருக்குது’ன்னு கேக்கறா.” பிறகு அவர்களிடம் கன்னடத்தில் ஏதோ விடை சொன்னார். இருவரும் பயபக்தியோடு திரும்பி உட்கார்ந்தார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “ஒம் புருசன் கால் ஒடிஞ்சு கெடக்கான், அவன் செருப்பைப் போட்டுக்கிட்டு நீ ஓடியாந்துட்டன்னு சொன்னேன்.”

மருத்துவமனையில் முதலில் பார்வைச் சோதனை. செவிலிப்பெண் ஒரு கண்ணை மூடி, சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் காட்டினாள். “மேல இருக்கிறது என்னங்க பாட்டி?”

“‘ப’ங்க ஆயா” என்றார் பின்னாலிருந்து பெருமாள்.

“‘ப’” என்றார் பெரியம்மா.

“அடுத்தது?”

“‘ட’ங்க” என்றாள் செல்வி.

மூன்று வருடப் பழக்கம்; அவர்கள் அறிந்து செய்யவில்லை. செவிலிப்பெண் ஒன்பது பேரையும் வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டாள். “நீங்க மட்டும் இருங்க” என்று என்னிடம் சொன்னாள். நூலகர் முகத்துக்கு உலகெங்கும் ஒரு மதிப்பு உண்டு. அதன் பிறகு எல்லா எழுத்துகளுக்கும் பெரியம்மாவின் விடை ஒன்றாகவே இருந்தது: “ஏதோ கறுப்பா இருக்குது.”

உள்ளே அழைத்துச் செல்ல ஆள் வரும் வரை நாங்கள் இருவரும் ஒரு பெஞ்சில் அமர்ந்திருந்தோம். மருத்துவமனையின் பச்சை உடுப்பில் அவர் மிகச் சிறியவராகத் தெரிந்தார். அவர் கை என் கையைத் தேடி, முதலில் பெஞ்சின் விளிம்பையும் பிறகு என் முழங்காலையும் கண்டுபிடித்து, கடைசியில் கையை அடைந்தது.

“ஒண்ணு சொல்றேன், அவங்ககிட்டச் சொல்லிராத” என்றார். “பயமா இருந்துச்சு. கத்தி வெச்சு, உள்ளதும் போயிட்டா? அதான் மொதல்ல இடம் வுழுந்தப்ப, அப்பாடான்னு இருந்துச்சு.”

“இப்போது?”

“இப்பவும்தான். ஆனா சொல்லிட்டேனே, வர்றேன்னு. எல்லாரு முன்னாடியும்.”

ஆள் வந்தார். பெரியம்மா எழுந்து, கதவு இருந்த திசைக்குச் சற்றே இடப்புறமாக நடந்தார். நான் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். மறுக்காமல் திரும்பினார்.

சனிக்கிழமை காலை கட்டைப் பிரித்தார்கள். மருத்துவர் விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னார். பெரியம்மா அவருடைய விரல்களைப் பார்க்கவில்லை. தம் கையைப் பார்த்தார். புறங்கையை, பிறகு உள்ளங்கையை. அடுத்து மடியில் கிடந்த தம் புடவையைப் பார்த்தார்.

“இது நீலமா?” என்றார் திடுக்கிட்டு. “பச்சைன்னுல்ல கட்டிக்கிட்டிருக்கேன்!”

“விரல் எத்தனைம்மா?” என்று மருத்துவர் மீண்டும் கேட்டார்.

“மூணு. நெகத்தை வெட்டுங்க.”

வெளியே தாழ்வாரத்தில் ஒன்பது பேரும் வரிசையாக நின்றார்கள். சேலத்து வேலை இரவைக் கடந்தும் முடியவில்லை போலும். கறுப்புக் கண்ணாடியோடு பெரியம்மா வந்து நின்றதும், பெருமாள் வழக்கப்படி, “பெரு…” என்று தொடங்கினார். பெரியம்மா கையை உயர்த்தித் தடுத்தார். ஒவ்வொருவர் முன்னும் போய், அண்ணாந்து, முகத்தைப் பார்த்தார். தாமே பெயர் சொன்னார். செல்வியிடம் வந்தபோது மட்டும் சற்று நேரமாயிற்று.

“ஏண்டி, நரைச்சிருச்சே ஒனக்கு” என்று அவள் காதோரத்தைத் தொட்டார். மூன்று ஆண்டுகளாக எல்லாவற்றையும் பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்த செல்வி, இதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. குனியக் கூடாது, புகையருகே போகக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது என்று மருத்துவர் கொடுத்த பட்டியலை நான் சுவரில் ஒட்டினேன். கோயிலுக்குப் போகக் கூடாது என்று அதில் இல்லை என்பதைப் பெரியம்மா எழுத்தெழுத்தாகப் படித்து உறுதி செய்துகொண்டார். இம்முறை தற்செயல் என்று எவரும் சொல்லவில்லை. ஊரே முன்னதாக வந்து காத்திருந்தது. ஆயா பூ கேட்கப்போகிறார், இடம் விழுந்துவிட்டால், நடந்துமுடிந்த சிகிச்சையை என்ன செய்வது என்ற சிக்கல் டீக்கடையில் காலை முதல் விவாதிக்கப்பட்டிருந்தது. முனுசாமி பூத்தட்டை ஏந்தி நின்றார்.

பெரியம்மா கருவறையின் முன் போய் நின்றார். கைகூப்பவில்லை. கறுப்புக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, மேலாகப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு மறு பக்கம்.

“முனுசாமி.”

“சொல்லுங்க ஆயா.”

“அவ கிரீடம் ஏண்டா கோணலா இருக்குது?”

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். கும்பிடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறார்கள். கேட்க வருகிறவர்கள் பூவை மட்டுமே பார்க்கிறார்கள். நானும் வியாழக்கிழமை அதைத்தான் செய்திருந்தேன். வெள்ளிக் கிரீடம், ஒரு விரற்கடை அளவு, அம்மனின் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதன் உச்சியில் எதை வைத்தாலும், காற்றோ நீரோ தேவையின்றி, ஒரே பக்கம்தான் விழும்.

“திருவிழாவுக்கு மெருகு போட்டு வந்துச்சுங்க…” முனுசாமியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. “திரும்ப மாட்டினேன்…”

“எப்ப?”

“மூணு வருசம் இருக்குமுங்க.”



“அப்ப எம் பொண்ணு சம்பந்தம்?” என்று பெருமாள் அலறினார். “அந்த ஊத்தங்கரைப் பையன்! வாத்தியார் வேலை!”

“என் கடை!” என்றாள் செல்வி.

கிணறு வெட்டாதவர்கள், மனை வாங்காதவர்கள், மாட்டை விற்காதவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். வாழ்நாளில் நான் இருந்த எந்தக் கட்டடத்திலும் அவ்வளவு ஓசையைக் கேட்டதில்லை. ஒருவர் தம் மனைவியைக் காட்டி, “நல்ல வேளை, இவளுக்கு அதுக்கு முன்னாடியே கேட்டுட்டேன்” என்றார். மனைவி, “எனக்கு இப்பத்தான் கவலையா இருக்குது” என்றாள்.

முனுசாமி பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டு வேர்த்து நின்றார். மனிதர் கடைசி வரை முறை தவறாதவர்.

“கிரீடத்துல கை வைக்கணும்னா, பூ கேட்டுட்டுத்தாங்க வைக்கணும். அதான் வழக்கம்” என்றார்.

“கேளேன்” என்றார் யாரோ.

“எப்படிங்க கேக்கறது? இடமாத்தானே வுழும்!”

ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என்னையும் சிலர் பார்த்தார்கள், படித்தவள் என்று. நான் தரையைப் பார்த்தேன்.

பெரியம்மா யாரையும் பார்க்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின் காணக் கிடைத்த அந்த முகத்தை விட்டு அவர் இன்னும் கண்ணெடுத்திருக்கவில்லை.

“நேரா வைடா” என்றார் மெதுவாக. “இத்தனை நாளாத் தலையைச் சாய்ச்சுக்கிட்டே நிக்கிறாளே, கழுத்து வலிக்காதா அவளுக்கு?”